நான்காவது கரை

எங்கள் ஏரிக்கு இப்போது வேலை நேரம் உண்டு. காலை 5 மணி முதல் 9 வரை, மாலை 4 முதல் 8 வரை. மற்ற வேளைகளில் இரும்புக் கதவு பூட்டியிருக்கும். ஏரி உள்ளே ஓய்வெடுத்துக்கொள்ளும்.

கதவுக்குப் பக்கத்தில் பச்சை வண்ணத்தில் ஓர் அறிவிப்புப் பலகை. குளிக்கக் கூடாது. துணி துவைக்கக் கூடாது. ஆடு மாடு மேய்க்கக் கூடாது. மீன் பிடிக்கக் கூடாது. மண் எடுக்கக் கூடாது. மரம் ஏறக் கூடாது. முதல் முறை படித்தபோது, என் பால்ய காலத்து வாழ்க்கைக் குறிப்பை யாரோ தொகுத்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஒன்றுகூட விடுபடவில்லை. சாக்கடை விடக் கூடாது என்பது மட்டும் பட்டியலில் இல்லை. சாக்கடைக்குப் படிக்கத் தெரியாது, எழுதி என்ன பயன் என்று விட்டிருப்பார்கள்.

ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்து மேட்டிலிருந்து பள்ளிக்கரணைப் பள்ளத்துக்கு வரிசையாக இறங்கும் ஏரிகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் பக்கத்து ஏரிக்காரர்கள் 'நம்முளுது இல்லப்பா' என்று நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள்.

அந்தக் காலத்தில் இந்த ஏரியை யாரும் பாதுகாக்கவில்லை. அப்படி ஒரு பேச்சையே நான் கேட்டதில்லை. விடிந்ததும் எருமைகள் இறங்கும். வண்ணார் கற்களில் துணி அடிபடும் சத்தம் எதிர்க்கரைக்குப் போய்த் திரும்பி வரும். என் ஆயா கோரை அறுக்கப் போனால் மடியில் நத்தையோடு வருவாள். ஊரே ஏரியைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. ஏரியும் சளைக்காமல் இருந்தது.

ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும். 'ஏரி கோடி போவுது' என்று ஒரு பையன் தெருவில் கத்திக்கொண்டு ஓடினால் போதும், பள்ளிக்கூடம் தானாக விட்டுவிடும். கலங்கலின் மேல் தண்ணீர் வழிந்து இறங்குவதைப் பார்க்க ஊர் கூடும். பெண்கள் மஞ்சள், குங்குமம், பூவெல்லாம் விட்டுக் கற்பூரம் காட்டுவார்கள். ஒரு கிடாவோ சேவலோ அன்றைக்கு உயிரை விடும். எங்கள் ஏரியின் கோடி அடுத்த ஊர் ஏரிக்கு வரத்து. அவர்களுடைய கோடி அதற்கடுத்த ஊருக்கு. கடைசியில் எல்லாம் பள்ளிக்கரணைக் கழுவெளியில் போய்ப் பரந்து, ஒக்கியம் மடுவு வழியாக நிதானமாகக் கடல் பக்கம் போகும். மேல் ஊரில் கிடா வெட்டிய செய்தி வந்தால், கீழ் ஊரில் மசாலா அரைக்க ஆரம்பிக்கலாம் என்று அர்த்தம்.

தையில் அறுப்பு. பங்குனி வாக்கில் தண்ணீர் சுருங்கும். மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் வலை இறக்குவார். விரால், கெளுத்தி, கெண்டை கூடை கூடையாகக் கரையேறும். சித்திரையில் தரை பாளம் பாளமாக வெடித்துவிடும். அப்போதுதான் வண்டல் அடிப்பது. மாட்டு வண்டிகள் வரிசையாக உள்ளே இறங்கி, அடிமண்ணை வெட்டி ஏற்றிக்கொண்டு கழனிக்குப் போகும். ஏரிக்கு ஆழம், கழனிக்கு எரு. இடையில் ஒரு டெண்டரும் கிடையாது. மிச்ச இடத்தில் நாங்கள் கிட்டிப்புள் ஆடுவோம். வருஷத்தில் சில மாதம் காய்வது எங்கள் பக்கத்து ஏரிகளின் சுபாவம். காய்ந்த சேற்றில் புல் முளைக்கும். மாடு மேய்ந்தது போக மீதிப் புல் அடுத்த மழையில் மூழ்கி மீன்குஞ்சுக்கு இரையாகும்.

இப்போது எங்கள் ஏரி வற்றுவதே இல்லை. 2019 கோடை ஞாபகம் இருக்கும். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீர் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்தக் கோடையிலும் எங்கள் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த அடுக்குமாடிகள் லாரித் தண்ணீர் வாங்கின, குளித்தன, துவைத்தன, அத்தனையையும் சிந்தாமல் சிதறாமல் ஏரியில் சேர்த்தன. ஆகாயத்தாமரை அதற்கு முன்பும் பின்பும் அப்படிச் செழித்ததில்லை. வெளியூரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் மொட்டை மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல பஞ்சமே தெரியல" என்று கண் வைத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு ஏரிக்கு ஒரே ஓர் அதிகாரி. நீர்க்கட்டித் தாத்தா. கோவணமும் மண்வெட்டியும்தான் அவருடைய அலுவலகம். எந்த மதகை எவ்வளவு நேரம் திறப்பது, எந்தக் கழனிக்கு முதல் பாய்ச்சல், கடைமடைக்கு எப்போது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. கூலி, அறுப்பு முடிந்து களத்தில் அளந்து போடும் நெல். அடைமழை ராத்திரிகளில் அரிக்கேன் விளக்கோடு கரை நெடுக நடப்பார். நண்டு வளை கண்ட இடத்தில் குதிகாலால் மிதித்துப் பார்ப்பார். எலி பறித்த இடத்தில் களிமண்ணைத் திணிப்பார். ராத்திரி விரல் அகலத்துக்குக் கசிவது விடிவதற்குள் வண்டி அகலத்துக்கு உடைத்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். "தண்ணி வர்ற வழியையும் போற வழியையும் வுட்டுட்டா, ஏரி தன்னத்தானே பாத்துக்கும்டா" என்பார். இதைவிடச் சுருக்கமான ஏரி மேலாண்மை அறிக்கையை நான் இதுவரை பார்க்கவில்லை.

அது ஒரு பொற்காலம் என்று எழுதிவிட்டுப் போக ஆசைதான். ஆனால், ஊரில் அத்தனை கழனிக்கும் தண்ணீர் பங்கிட்ட அந்த மனிதரின் வீட்டுப் பெண்கள் ஊர்க் கிணற்றில் குடத்தை வைக்க முடியாது. அவர்களுடைய குடியிருப்பு, கரை உடைத்தால் முதலில் மூழ்கும் பள்ளத்தில் இருந்தது. ஆகவே பழசை அப்படியே திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று யாராவது மேடையில் முழங்கினால், நான் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொள்வேன். அன்றைக்கு ஊரில் சரியாக இருந்தது மேடு பள்ளக் கணக்கு ஒன்றுதான்.

இப்போது அதிகாரிகளுக்குப் பஞ்சமில்லை. கரையும் நீரும் ஒரு துறை. நிலம் வருவாய்த் துறை. கழிவுநீருக்கு ஒரு வாரியம். மழைநீர் வடிகாலுக்கு உள்ளாட்சி. மீன், மீன்வளத் துறை. சுற்றிலும் என்ன கட்டலாம், எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதற்கு ஒரு குழுமம். ஒருநாள் காலையில் ஏரி முழுக்க ஜிலேபிக் கெண்டை செத்து மிதந்தது. அதை யார் அள்ள வேண்டும் என்று கேட்டு சாயங்காலம் வரை தொலைபேசியில் சுற்றினேன். செத்த மீன் மீனா, கழிவா என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. கடைசியாகப் பேசிய அலுவலகத்தில், முதலில் பேசிய அலுவலகத்தின் எண்ணைக் கொடுத்தார்கள். அதற்குள் பருந்துகளும் நாய்களும் அதிகார வரம்பு பார்க்காமல் பாதி வேலையை முடித்திருந்தன.

ஏரி போனது என்று எல்லாரும் சொல்கிறார்கள். முதலில் போனது ஏரியில்லை, கழனி. 1980-களில் கரைக்குக் கீழே இருந்த ஆயக்கட்டில் மஞ்சள் பூசிய கல் நட ஆரம்பித்தார்கள். வங்கியில் வேலையாக இருந்த என் சித்தப்பாவை மனை பார்க்கக் கூட்டிவந்த தரகர், "சார், இங்க போர் போடற செலவே மிச்சம். ஆறடில தண்ணி" என்றார். சித்தப்பா அங்கேயே முன்பணம் கொடுத்தார். அது நெல் விளைந்த நன்செய் என்பதையும், ஏரியின் அடிமட்டத்தைவிடத் தாழ்ந்த இடம் என்பதையும் பத்திரத்தில் யாரும் மறைக்கவில்லை. தாழ்வாக இருப்பதுதான் அந்த மனையின் சிறப்பு என்று விளம்பரமே செய்தார்கள்.

கழனி போனதும் மதகுக்கு வேலை போயிற்று. சிமென்ட் வைத்துப் பூசிவிட்டார்கள். நீர்க்கட்டித் தாத்தாவின் பேரன், பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கணினி நிறுவனத்தின் வாசலில் காவலுக்குப் போனார். மாதம் பிறந்தால் சம்பளம்; தாத்தாவுக்குக் கிடைக்காத மரியாதை. ஏரியைத்தான் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாசனம் இல்லாத ஏரி ஏட்டில் பயனற்ற ஏரி ஆகிவிடும். பயனற்ற நிலத்தைப் பயனுள்ளதாக்குவதில் நம் நகரத்துக்கு ஒரு நூற்றாண்டு அனுபவம் உண்டு. 1920-களில் மாம்பலத்து நெடிய ஏரியை வடித்துத் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். அதன் தொடர்ச்சியான நுங்கம்பாக்கம் ஏரி நிலத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது. எந்த மாடியில் ஏறி எட்டிப் பார்த்தாலும் ஏரி தெரியாது. பழைய கணக்கில் 265 ஏக்கராக இருந்த வேளச்சேரி ஏரி இன்று 55 ஏக்கர் அளவில் நிற்கிறது. போனதில் பெரும்பகுதி திருடு போகவில்லை. வீட்டு வசதிக்கு, குடிசை மாற்றுக்கு, சாலைக்கு என்று அரசாணையோடு போனது. குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு, கோப்பு போட்டால் ஒதுக்கீடு.

ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தனிச் சட்டமே வந்தது. நீர்நிலை ஓரங்களில் குடிசை போட்டிருந்தவர்களை லாரியில் ஏற்றிச் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோனார்கள். தண்ணீரிலிருந்து காப்பாற்றப்பட்டவர்களுக்குக் கழுவெளியின் விளிம்பில் வீடு கிடைத்தது. 2015-ல் தண்ணீர் அங்கேயும் போய் அவர்களை நலம் விசாரித்தது.

2015-ஐ எங்கள் தெருவில் யாரும் மறக்கவில்லை. டிசம்பர் முதல் தேதி காலையிலிருந்து மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. மேட்டில் பெய்தது பள்ளத்துக்குத்தானே வர வேண்டும். பழைய ஞாபகத்தில் வந்தது. எங்கள் ஏரியின் கோடிக்கால் அதற்குள் 'மூன்றாவது குறுக்குத் தெரு' ஆகியிருந்தது. விலாசம் மாறிய விவரத்தைத் தண்ணீருக்கு யாரும் தெரிவிக்கவில்லை. சித்தப்பா வீட்டுக் கூடத்தில் ஃபிரிட்ஜ் மிதந்தது. ஆறடி தோண்ட வேண்டும் என்று சொன்ன தரகர் தன்னடக்கத்தோடு சொல்லியிருக்கிறார். ஓரடிகூடத் தோண்ட வேண்டியிருக்கவில்லை.

வெள்ளம் வடிந்ததும் தெருவை உயர்த்திப் போட்டார்கள். வீடுகள் தாழ்ந்தன. வீட்டுக்காரர்கள் கடன் வாங்கி, அடியில் வரிசையாக ஜாக்கி கொடுத்து வீட்டையே மூன்றடி தூக்கினார்கள். ஜன்னலில் பூந்தொட்டி அசையாமல் வீடு மேலே போவதைப் பார்க்க, ஒரு காலத்தில் கலங்கலுக்குக் கூடிய கூட்டம் கூடியது. அடுத்த ஒப்பந்தக்காரர் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே இன்னொரு அடுக்கு போட்டுவிட்டுப் போனார். இந்தப் போட்டியில் இதுவரை தெருதான் முன்னணியில் இருக்கிறது.

மழை வலுத்தால் அன்றைக்கு மாடுகளை ஏரிக்கரை மேட்டுக்கு ஓட்டிப்போவோம். இன்றைக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தால் கார்களை வேளச்சேரி மேம்பாலத்துக்கு ஓட்டிப்போகிறார்கள். பாலம் நெடுக ஓரமாக வரிசை கட்டி நிற்கும். ஒருவர் முந்தின நாள் ராத்திரியே போய் இடம் பிடித்து, வண்டிக்குள்ளேயே தூங்கினார். ஆபத்துக்கு மேட்டைத் தேடும் புத்தி நம்மை விட்டுப் போகவில்லை என்பதில் எனக்குப் பெருமைதான்.

'ஏரி கோடி போவுது' என்ற அதே செய்தி இப்போது வாட்ஸப்பில் வருகிறது. கிடா தப்பித்தது. கூடவே மூன்று அபாயச் சின்னமும், மெழுகுவத்தி வாங்கி வைத்துக்கொள்ளும்படி ஓர் ஆலோசனையும்.

வெள்ளத்துக்குப் பிறகு எல்லாருக்கும் ஏரி மேல் பாசம் வந்தது. பாசம் என்றால் சாதாரணப் பாசமில்லை, நிதி ஒதுக்கீட்டோடு வந்த பாசம். எங்கள் ஏரிக்கும் புனரமைப்புத் திட்டம் வந்து சேர்ந்தது. ஆகாயத்தாமரையை அள்ளினார்கள். பொக்லைன்கள் இறங்கி, ஏரியை ஓரம் வரை ஒரே ஆழமாகத் தோண்டின. கரையைப் பலப்படுத்தி டைல்ஸ் பதித்தார்கள். விளக்குக் கம்பம், உடற்பயிற்சிக் கருவி, ஊர்ப் பெயருக்கு முன்னால் 'ஐ லவ்' என்று ஆளுயர எழுத்துகள். எதிலும் குறை சொல்ல முடியாது. மேற்கே ஒரு புதுக் கரை எழும்புவதைப் பார்க்கும் வரை நானும் சொல்லவில்லை.

பழைய ஏரிகளுக்கு மூன்று பக்கம்தான் கரை. நான்காவது பக்கம், மேட்டுப் பக்கம், திறந்தே கிடக்கும். சாய்த்துப் பிடித்த தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றினால் எப்படி நிற்குமோ அப்படித்தான் ஏரி நிற்கும்: ஒரு கோடியில் ஆளை முழுக்கும், மறுகோடியில் கணுக்காலை நனைக்கும். அந்தச் சரிவில் ஒவ்வோர் ஆழத்துக்கும் ஒரு குடித்தனம். கணுக்கால் தண்ணீரில் உள்ளான்கள். முழங்கால் தண்ணீரில் கொக்கும் நாரையும். கோரைக்கும் சம்புக்கும் நடுவே தாழைக்கோழி. ஆழத்தில் முக்குளிப்பானும் நீர்க்காகமும். மேட்டிலிருந்து வரும் மண்ணையும் அழுக்கையும் அந்தக் கோரைதான் முதலில் பிடித்து வடிகட்டும். சிறு வயதில் எங்களுக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது. வெள்ளையாக இருந்தால் கொக்கு, கறுப்பாக இருந்தால் காக்கா. இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் நீளமான கேமராவோடு வரும் பிள்ளைகளுக்கு அத்தனை பறவையின் பெயரும் தெரிகிறது. ஏரியை ஓரம் வரை தோண்டிய பிறகு நிற்க இடமில்லாமல் போன பறவைகள்தான் வருவதில்லை. நீர்க்காகம் வருகிறது. ஒரே நீர்க்காகத்தைப் பல கோணத்தில் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

ஓரம் வரை ஆழம் என்பதால் ஆபத்து. ஆபத்து என்பதால் வேலி. வேலி என்பதால் கதவு, கதவு என்பதால் காவலாளி, காவலாளி என்பதால் வேலை நேரம். ஏரிக்கு எப்படி ஆபீஸ் டயம் வந்தது என்று கேட்பவர்களுக்கு இதுதான் விளக்கம்.

மேற்குக் கரையில் நின்றிருந்த இளம் பொறியாளர் மிகவும் மரியாதையான பிள்ளை. வெயிலில் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினார்.

"தம்பி, இந்தப் பக்கம் எதுக்குப்பா கரை?"

"வாக்கிங்குக்கு ஃபுல் ரவுண்ட் வேணும் சார். அசோசியேஷன்ல கேட்டிருந்தாங்க. இல்லன்னா பாதியில திரும்பி வரணும்."

"தண்ணி இந்தப் பக்கந்தானே உள்ள வரணும்?"

"அதுக்குக் கரை அடியில பைப் குடுத்திருக்கோம் சார். அறுநூறு டயா, ரெண்டு."

"இங்க வரத்துக்கா ஒண்ணு இருந்துச்சுப்பா. எதிரும் புதிருமா ரெண்டு மாட்டு வண்டி போற அகலம்."

அவர் கையிலிருந்த டேப்லெட்டை விரலால் விரித்து விரித்துப் பார்த்தார். ஏரி நீலமாக, அழகாக இருந்தது. அதைச் சுற்றி எல்லாம் வெள்ளை.

"டிராயிங்ல கால்வா இல்லையே சார்."

டிராயிங்கில் இல்லாத கால்வாயைப் பற்றி ஓர் அரசுத் திட்டத்தின் நடுவே பேசுவது நாகரிகம் இல்லை என்று தோன்றியது. எழுத்து மூலமாக ஒரு மனு கொடுத்தேன். 'தங்கள் கோரிக்கை தீர்வு செய்யப்பட்டது' என்று கைபேசிக்கு உடனே செய்தி வந்தது. அந்த வேகத்தில் கரையும் எழும்பியது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மேட்டில் பெய்த தண்ணீர் வழக்கம்போல ஏரியைத் தேடி வந்தது. வந்த இடத்தில் கரை. இரண்டு குழாய் வாயிலும் பால் பாக்கெட்டும் தெர்மாகோலும் ஒரு பழைய தலையணையும். கரைக்கு வெளியே மேற்குத் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கைக்குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்கள். கரைக்கு உள்ளே ஏரி பாதிகூட நிரம்பவில்லை. இரண்டுக்கும் நடுவே, எதிலும் சம்பந்தப்படாமல், டைல்ஸ் போட்ட நடைபாதை. இரவில் ஒருவர் குடை பிடித்துக்கொண்டு அதில் முழுச் சுற்று நடந்ததையும் பார்த்தேன்.

அந்தக் காலத்தில் ஏரிக்கரையில் கை வைத்தால் கொலைப் பழிக்குச் சமம். கரையை வெட்டினான் என்ற சந்தேகத்துக்காக இரண்டு ஊர் தலைமுறைக்கும் பேசாமல் இருந்தது உண்டு. அன்று ராத்திரி, கரை கட்டிய அதே அலுவலகம் ஜேசிபி அனுப்பிக் கரையை வெட்டியது. தண்ணீரை வெளியே விடுவதற்கு அல்ல, உள்ளே விடுவதற்கு. எந்த இடத்தில் வெட்டுவது என்று ஓட்டுநருக்குத் தெரியவில்லை. வேலை முடிந்து சீருடையோடு வந்திருந்த நீர்க்கட்டித் தாத்தாவின் பேரன் இடுப்புத் தண்ணீரில் இறங்கி, கைபேசி வெளிச்சத்தில் கொஞ்ச தூரம் நடந்து பார்த்து, "இங்க இழுக்குதுண்ணே, இங்க வெட்டுங்க" என்று காட்டினார். காலுக்கடியில் வரத்துக்கால் இன்னும் பள்ளமாகத்தான் இருந்திருக்கிறது. டைல்ஸ் பெயர்ந்தது. 'ஐ லவ்' எழுத்துகளில் 'ஐ' மட்டும் சாய்ந்து ஏரிக்குள் போயிற்று. விடிவதற்குள் தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டது.

ஏரியைக் காப்பாற்றுவது ஏரிக்குள் செய்யும் வேலை என்று ஒரு நினைப்பு ஊறிப்போயிருக்கிறது. மேட்டில் மழை விழும் இடத்தில் அந்த வேலை ஆரம்பிக்கிறது. எங்கள் பக்கத்தில் செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், பிறகு கழுவெளி என்று ஒன்றின் கோடி இன்னொன்றின் வரத்து. நடுவில் ஒரு கண்ணியை டைல்ஸ் போட்டு அழகுபடுத்திவிட்டு, மேலே வரத்துக்காலில் தெருவும், கீழே கோடிக்காலில் கடையும் கட்ட அனுமதி கொடுத்தால், மிஞ்சுவது சுற்றுச்சுவர் வைத்த ஒரு தொட்டி. கழுவெளிக்கு நடந்ததும் இதுதான். 1960-களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த அதன் மேல் குப்பை மேடும் சாலைகளும் அலுவலகக் கட்டடங்களும் ஏறிய பிறகு, மிச்சமிருந்ததில் 1,247 ஹெக்டேரை 2022-ல் ராம்சார் ஈரநிலமாக அறிவித்தார்கள். பட்டம் வந்தது நல்லதுதான். மேலே இருக்கும் ஏரிகள் சாக்கடையை அனுப்பினால் பட்டம் என்ன செய்யும்?

சரியாகச் செய்பவர்களும் இல்லாமல் இல்லை. சிட்லபாக்கத்தில் 2019-ல் குடியிருப்புவாசிகளே விடுமுறை நாள்களில் ஏரிக்குள் இறங்கி ஆகாயத்தாமரையையும் குப்பையையும் அள்ளினார்கள். அந்தப் பிடிவாதத்துக்குப் பிறகுதான் அரசுப் பணம் வந்தது. செம்பாக்கம் ஏரியில் நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த், சென்னை ஐ.ஐ.டி. ஆகியவை சேர்ந்து, வரத்தில் கலக்கும் சாக்கடையை எப்படிக் கையாள்வது, ஏரி எந்த ஏரிக்குத் தண்ணீர் அனுப்புகிறது என்பதிலிருந்து வேலையைத் தொடங்கினார்கள். சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008-ல் வந்தது, மூன்றாவது தயாராகிறது. அதை வரைபவர்களிடம் எனக்குக் கேட்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. சாலைகளுக்குக் கோடு போடும் முன்பு வரத்துக்காலுக்கும் கோடிக்காலுக்கும் ஒரு கோடு போட்டுவிட்டால் போதும். தண்ணீர் பரவும் சரிவையும் ஏரி என்றே எழுதிவிட்டால் போதும். அந்தக் கோட்டின் மேல் மனை கேட்டு வருகிறவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், டிராயிங்கைக் காட்டி 'இங்க கால்வா இருக்கே சார்' என்று சொல்ல அந்த மரியாதையான பிள்ளைக்கு ஒரு வழி கிடைக்கும்.

எங்கள் ஏரியில் வெட்டிய இடம் இன்னும் வெட்டியபடியே இருக்கிறது. அங்கே மண் சரிந்து, தண்ணீர் ஆழம் குறைந்து, கோரை தலைகாட்டுகிறது. நடைப்பயிற்சிச் சங்கத்துக்கு அதுதான் இப்போது பெரிய பிரச்சினை. கரையை உடனே மூட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். மேற்குத் தெருக்காரர்கள் மூடினால் மறியல் என்றார்கள். கரை வேண்டாம், தூண் நிறுத்தி மேலே ஒரு நடைபாலம் போடுங்கள், மனிதர்கள் மேலே போகட்டும், தண்ணீர் கீழே போகட்டும் என்று நீர்க்கட்டித் தாத்தாவின் பேரன் கூட்டத்தில் எழுந்து சொன்னார். இவ்வளவு சுலபமான யோசனைக்கு ஆலோசனைக் கட்டணம் யாருக்குப் போகும் என்று தெரியாததால், கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எஸ்டிமேட்டுக்கு அனுப்பினார்கள்.

அதுவரைக்கும் நடப்பவர்கள் அந்த இடைவெளி வரை வந்து, நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். சங்கச் செயலாளருக்குக் கோபம் தீரவில்லை. முழுச் சுற்று வராத ஏரி என்ன ஏரி என்கிறார். "திரும்பி நடந்தாலும் உங்களுக்கு அடிக்கணக்கு அதேதான் சார் வரும், தண்ணிக்குத்தான் திரும்பிப் போற பழக்கம் இல்ல" என்று சொல்லிப் பார்த்தேன். அடுத்த பொதுக்குழுவில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.